விதையும் நமது உடைமையே

இடம்பெயர்ந்தபோது உயிரைக் காத்துக்கொண்டு வந்தோம். விதைநெல்லைச் சுமந்துவரப் பலருக்கு முடியவில்லை. மீண்டு வந்தோர் கையில் கிடைத்தது நிவாரண விதைப் பொதி. அதை வேண்டாமென நாம் சொல்லவில்லை. ஆனால், அது எத்தகைய விதையென அறியும் உரிமை விவசாயிக்கு உண்டு.

மெண்டல் என்னும் துறவி 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வு இதனை விளக்குகிறது. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் அவர் கலந்தபோது முதலாம் தலைமுறை முழுவதும் நெட்டையாயிற்று. அவற்றின் விதையிலோ 787 நெட்டையும் 277 குட்டையும் முளைத்தன. மறைந்திருந்த இயல்பு வெளிப்பட்டது. கலப்பின மிளகாய், தக்காளி, சோளத்திலும் இவ்வாறே: முதற்போகம் ஒரே சீராகக் காய்க்கும், அதில் எடுத்த விதை பலவிதமாகப் பிரியும். மொட்டைக்கறுப்பன் போன்ற நெல்லோ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் விளைவது. வேறினம் கலவாது காத்தால் தாயைப்போலப் பிள்ளை.

ஒரே இனத்தை மாத்திரம் நம்புவதும் ஆபத்து. அயர்லாந்தின் ஏழைகள் பெரிதும் ஒரே இன உருளைக்கிழங்கையே நட்டனர். 1845இல் வெளிறல் நோய் வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர்.

ஆகவே, விதை வழங்குவோர் கலப்பினமாயின் அதனைப் பொதியில் தமிழில் எழுதட்டும். நாமும் நல்ல செடிகள் பலவற்றிலிருந்து விதை தெரிந்து, உலர்த்தி, அயலவருடன் பகிர்ந்து வைப்போம். ஒரு வீட்டில் அழிந்தது மறுவீட்டில் இருக்கும்.