ஐந்து மணிக்குப் பூட்டப்படும் ரவி வர்மா

திருவனந்தபுரத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் மியூசியம் வளாகத்துக்குள் போனால் பாதி நகரம் அங்கே நடந்துகொண்டிருக்கும். ஓய்வுபெற்ற அதிகாரிகள், கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த வியாபாரிகள், காதில் பாட்டு மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள், குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் சுற்றி வரும் கட்டிடங்களுக்குள்ளே துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை இருக்கிறாள், அன்னத்தோடு பேசும் தமயந்தி இருக்கிறாள், நிக்கோலஸ் ரோரிக் தீட்டிய இமயமலை இருக்கிறது, பழைய செப்புத் திருமேனிகளும் தந்த வேலைப்பாடுகளும் இருக்கின்றன. எல்லாக் கதவும் பூட்டியிருக்கிறது. காட்சி நேரம் காலை 10 மணி முதல் மாலை 4.45 வரை. திங்கட்கிழமை விடுமுறை. புதன்கிழமை முற்பகலும் விடுமுறை.

அலுவலகம் விடுவதற்குள் மூடிவிடும் மியூசியத்தை வேலைக்குப் போகிறவர் எப்போது பார்ப்பார்? தலைமைச் செயலக ஊழியர், சாலை பஜார்க் கடைச் சிப்பந்தி, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பல்லாயிரம் பேர் யாருக்கும் அந்த நேரம் ஒத்துவராது. மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கல்யாணம், காதுகுத்து, துவைக்கும் வேலை எல்லாம். வாரத்தில் இரண்டு நாளாவது இந்த ஓவியக்கூடங்கள் இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இதில் புதுமை ஒன்றுமில்லை. இந்த மியூசியம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1857-ஆம் ஆண்டு. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லனும், இங்கிருந்த வானாய்வு நிலையத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுனும் அரண்மனை ஆதரவோடு அதை உருவாக்கினார்கள். அதே 1857-இல்தான் லண்டனில் சவுத் கென்சிங்டன் மியூசியமும் திறந்தது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று பெயர். அதை நடத்திய ஹென்றி கோல், பகலெல்லாம் பாடுபடும் தொழிலாளி ராத்திரிதான் வர முடியும் என்று கணக்குப் போட்டு, காட்சிக்கூடங்களில் எரிவாயு விளக்கு ஏற்ற வைத்தார். மின்விளக்கே இல்லாத காலம் அது. ஒரே வயதுள்ள இரண்டு மியூசியங்களில் ஒன்று அன்றே இரவில் திறந்தது. நம்முடையது இன்றும் அந்தி சாயுமுன் பூட்டிக்கொள்கிறது.

கட்டிடங்களுக்குக் குறைவில்லை. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த நேப்பியர் மியூசியம், 1935-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்துவைத்த ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம், அதே வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் படைப்புகளுக்குத் தனிக்கூடம், இயற்கை வரலாற்று மியூசியம். பணிக்கர் நமக்கும் வேண்டியவர்: கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியப்பள்ளியின் முதல்வராக இருந்து, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர். இவற்றோடு 2023 செப்டம்பரில் முதலமைச்சர் பினராயி விஜயன் ராஜா ரவி வர்மாவுக்கென்றே புதிய கூடம் ஒன்றைத் திறந்துவைத்தார். பாராட்ட வேண்டிய காரியம்தான். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த ஊரில் அந்த எண்ணெய் ஓவியங்களுக்கு நல்ல இடம் கிடைக்க இத்தனை காலம் ஆனது என்பது வேறு கதை. ஆனால் புதுக் கட்டிடத்தையும் பழைய நேரத்துக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள்.

ரவி வர்மா யார் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். கிளிமானூரில் 1848-இல் பிறந்தவர். நீர்வண்ணத்தின் பாலபாடத்தைத் திருவிதாங்கூர் அரண்மனையில் ராமசாமி நாயுடு என்ற தமிழ்நாட்டு ஓவியரிடம் கற்றவர். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு வாங்கியதோடு பேர் நாடெங்கும் பரவியது. அரண்மனைகளின் கூடத்துக்குள் இவருடைய ஓவியங்கள் முடங்கிவிடக் கூடாது என்று, கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் திவானாக இருந்த டி. மாதவராவ் யோசனை சொல்லியிருந்தார்: படங்களை அச்சில் ஏற்றுங்கள். 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார் ரவி வர்மா. அதன் பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவரிலும், மளிகைக்கடை காலண்டரிலும், தீப்பெட்டி மேலட்டையிலும் ஏறினார்கள். நம் வீட்டுப் பூஜையறைகள் இன்றும் அவர் கொடுத்த முகங்களைத்தான் கும்பிடுகின்றன. ஏழை வீட்டுச் சுவரைத் தேடிப் போன ஓவியரை, அந்த ஏழைக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் பூட்டிவைப்பது எந்த நியாயம்?

மறுப்புகள் வரும். வெளிச்சம் ஓவியங்களைக் கெடுக்கும் என்பார்கள். உண்மைதான். எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ், நீர்வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் 50 லக்ஸ் என்று உலக மியூசியங்கள் வழக்கமாக வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் நிறம் மங்குவது வெளிச்சத்தின் அளவையும் அது எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதையும் பொறுத்தது. பகலா, இரவா என்று ஓவியம் கேட்பதில்லை. சொல்லப்போனால் சன்னல் வழி வரும் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை விட நல்ல எல்.இ.டி. விளக்கு சாதுவானது. நாம் கேட்பது மற்ற நாள்களை விடப் பெரிய கூடுதல் நேரமும் அல்ல. புதன்கிழமை ஏற்கெனவே முற்பகல் மூடித்தான் இருக்கிறது. பிற்பகல் ஒரு மணிக்குத் திறக்கிறார்கள். அன்றைக்கு எட்டு மணிக்குப் பூட்டினால் ஏழு மணி நேரம். மற்ற நாள்களில் ஆறே முக்கால். வித்தியாசம் கால் மணி. வெள்ளிக்கிழமையையும் இப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஊழியர்களுக்கு வேலை நேரம் பெரிதாக அதிகரிக்காது; பிற்பகலில் வந்து இரவில் போவார்கள். இரவுப்படி கொடுக்க வேண்டியிருக்கும், கொடுக்கட்டும். பாரிஸின் லூவ்ர் மியூசியமும் புதன், வெள்ளி இரண்டு நாளும்தான் இரவு ஒன்பது வரை திறந்திருக்கிறது.

பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரு விஷயத்தில் அதற்கு நாம் உடன்படுகிறோம். நேப்பியர் மியூசியத்தை இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். மரம் நிறைந்த பழங்கட்டிடம். இயற்கைக் காற்றோட்டத்திலேயே குளுமையாக இருக்கும்படி சிஷோம் கட்டியது. அதற்குள் புதிதாக மின்கம்பிகளை ஓட்டி விபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய மியூசியம் ஓர் ஏ.சி. இயந்திரக் கோளாறில் ஓர் இரவுக்குள் எரிந்து போனது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு டெல்லியில் இயற்கை வரலாற்று மியூசியமும் எரிந்தது. நேப்பியர் பகலிலேயே இருக்கட்டும். 2023-இல் திறந்த கூடத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

ராத்திரியில் யார் வருவார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. வளாகத்தைச் சுற்றி நடப்பவர்களில் பத்தில் ஒருவர் உள்ளே வந்தாலே கூடம் நிறைந்துவிடும். பக்கத்துக் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் ஓண வாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. ரவி வர்மா கூடம் திறந்த அதே 2023-இல்தான், சற்றுத் தள்ளியுள்ள மானவீயம் வீதியை இரவு வாழ்க்கைக்கென்று அரசு ஒதுக்கியது. கொஞ்ச நாளில் அங்கே அடிதடி, போலீஸ் கெடுபிடி என்று செய்தி வந்தது. தெருவைத் திறந்துவிட்டால் போதுமா? போய்ப் பார்க்க அங்கே ஏதாவது வேண்டாமா?

பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைப் பகுதிக்கும் இந்த வாதம் பொருந்தும். சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை முற்றத்தில் ஒவ்வொரு ஜனவரியும் மாலை நேரத்தில் சங்கீதோற்சவம் நடக்கிறது. நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். மாளிகைக்குள் இருக்கும் மியூசியம் அதற்குள் மூடியிருக்கும். பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகள் 2011-இல் திறக்கப்பட்டதிலிருந்து, அந்தப் பொக்கிஷத்தை மியூசியமாக்கலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. பார்க்க முடியாத பொக்கிஷத்துக்காக இவ்வளவு வாதம்! அந்தக் கோயிலின் மதிலகம் ஆவணங்களே வட்டெழுத்திலும் மலையாண்மையிலும் பழந்தமிழிலும் எழுதிய ஓலைச்சுவடிகளாகக் கோட்டையில் இருக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி மியூசியம் திறந்தார்கள். மாலை தரிசனத்துக்கு வரும் தமிழ்நாட்டுப் பக்தர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும்?

இதைத் தமிழில் எழுதக் காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இன்றும் தக்கலை பக்கத்தில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் நிர்வகிக்கிறது. அந்த மியூசியங்களில் இருப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கும் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கும் வருகிற குடும்பங்கள் நாள்கணக்கில் அந்த ஊரில் தங்குகின்றன. (தென்மாவட்டக்காரர்களுக்கு ஸ்ரீசித்ரா என்றால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும்.) நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு மாலையில் வெளியே வரும் துணையாளுக்கு ஒரு மணி நேரம் போக்க இடம் கிடைத்தால் அதுவும் நல்லதுதான்.

கேரள அரசின் மியூசியம், மிருகக்காட்சித் துறை இதற்காகப் பெரிய குழு போட வேண்டியதில்லை. வருகிற ஓண வாரத்தில் ரவி வர்மா கூடத்தையும் பணிக்கர் கூடத்தையும் இரவு எட்டு வரை திறந்து வையுங்கள். பிறகு மூன்று மாதம் புதன், வெள்ளியில் தொடருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். அந்தக் கணக்கு வந்த பிறகு நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்யலாம்.