யப்பானில் எது பழமை?

யப்பானுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் பழமையைத் தேடியே கியோத்தோவுக்கும் நாராவுக்கும் விரைகின்றனர். ஆயின், அங்கே பழமை எனப்படுவது யாது என்று வினவுவோர் சிலரே.

நாராப் பிரதேசத்து ஹொரியூஜி ஆலயத்தின் பொன் மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும் உலகில் எஞ்சியுள்ள மரக்கட்டடங்களுள் மிகத் தொன்மையானவை. ஏறத்தாழ 1,300 ஆண்டு கண்டவை. இசே நகரின் பெருங்கோயிலோ 2013இல் எழுந்தது. 20 ஆண்டுகளுக்கொருமுறை, அருகே ஒதுக்கிவைத்த வெறுநிலத்தில், புதிய ஹினோக்கி மரங்கொண்டு, பழைய அமைப்பு வழுவாமல் அதனைக் கட்டியபின் முந்தியதைக் கலைத்துவிடுவர். 690இல் தொடங்கிய இவ்வழக்கம், உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்குமேல் தடைப்பட்டும் மீண்டது. 2013இல் நிகழ்ந்தது 62ஆவது புதுக்கம். அடுத்தது 2033இல் நிகழவுள்ளது.

இவற்றுள் எது பழையது? ஹொரியூஜியில் மரம் பழையது. இசேயில் தொழில் பழையது. ஒரு புதுக்கத்தில் உளிபிடிக்கப் பழகிய இளைஞன், அடுத்ததில் தேர்ந்த தச்சனாக நின்று இளையோர்க்குக் கற்பிக்க 20 ஆண்டு பொருத்தமான இடைவெளியன்றோ?

இவ்வுண்மையை அந்நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. 1949இல் மூண்ட தீயிலே ஹொரியூஜியின் சுவரோவியங்கள் கருகின. அதன்பின் 1950இல் இயற்றப்பட்ட பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம், கட்டடங்களோடு கலைத்திறன்களையும் காவலுக்குரியனவாகக் கொண்டது. 1954இல் அது திருத்தப்பெற்றது முதலாக, நெசவு, மட்பாண்டம், நோ நாடகம் முதலியவற்றில் வல்லாரை அரசு தெரிந்து ஆதரித்து வருகிறது. ‘மனிதத் தேசியச் செல்வம்’ என்பது மக்கள் அவர்களுக்கு இட்ட பெயர்.

கட்டடம் எத்தனை கண்களையும் தாங்கும், மனிதர் தாங்கார். 2024இல் யப்பானுக்கு 3 கோடியே 68 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் வந்தனர். கியோத்தோவின் கியோன் பகுதியில் ஆடல் மகளிரை வழிமறித்துப் படமெடுக்கும் தொல்லை பொறாது, அவ்வாண்டிலே தனியார் ஒழுங்கைகள் சில பிரயாணிகளுக்கு அடைக்கப்பட்டன. மீறினால் 10,000 யென் தண்டம் என்று அறிவிப்புப் பலகையும் நாட்டினர்.

பிரயாணிகளின் பணமே கலைகளைக் காக்கிறது என்பாருளர். பணம் வேண்டியதே. ஆயினும், ஒரு நாளில் பத்துக் கோயிலைப் படம்பிடித்துத் திரும்புவோன் கொடுக்கும் பணம் கடைத்தெருவை வளர்க்குமேயன்றி, ஒரு தச்சனுக்கு மாணாக்கனைத் தேடித்தராது. ஒன்பது கோயிலை விட்டு, ஒரு பட்டறையின் வாயிலில் அரைநாள் அமைதியாக இருந்து பார்ப்பவனே அந்நாட்டின் பழமையைக் கண்டவனாவான்.