3 சீசனாக ஆடாத கோல்கீப்பர்... ஆனாலும் அணி மாறியது ஏன்? கேரி பிரைஸ் ஒப்பந்தத்தின் கணக்கு

மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் கேரி பிரைஸ் கடைசியாகக் களமிறங்கியது 2022 ஏப்ரல் 29-ம் தேதி. அதன்பிறகு 3 முழு சீசன்கள் முடிந்துவிட்டன. ஒரு ஆட்டத்தில்கூட அவர் ஆடவில்லை. இனி ஆடப்போவதும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 2025 செப்டம்பரில் சான் ஹோசே ஷார்க்ஸ் அணிக்கு அவர் 'டிரேடு' செய்யப்பட்டார்.

ஆடாத வீரரை ஒரு அணி ஏன் வாங்க வேண்டும்? அவரும் ஏன் ஓய்வை அறிவிக்காமல் இருக்கிறார்? இந்தக் கேள்விகளுக்கான பதிலில் என்ஹெச்எல் லீக்கின் பணக் கணக்கும் இருக்கிறது, ஒரு மனிதரின் முழங்காலும் இருக்கிறது.

யார் இந்த கேரி பிரைஸ்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள அனாஹிம் லேக் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தவர். தாய் லிண்டா, உல்காட்சோ பூர்வகுடி சமூகத்தின் தலைவராக இருந்தவர். தந்தை ஜெர்ரியும் கோல்கீப்பர்தான். பயிற்சி மைதானம் இருந்த வில்லியம்ஸ் லேக் நகரம், ஊரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருந்தது. அதனால் சொந்தமாக ஒரு சிறிய விமானம் வாங்கி, அதில் மகனைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார் ஜெர்ரி.

2005 டிராஃப்டில் 5-வது வீரராக பிரைஸைத் தேர்வு செய்தது மான்ட்ரியல். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம். தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்கே. 2014-15 சீசனில் 44 வெற்றிகள். லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதையும், சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதையும் ஒரே இரவில் வென்றார். அந்த மேடையை, பூர்வகுடி இளைஞர்களுக்கு நம்பிக்கை சொல்லப் பயன்படுத்திக்கொண்டார். மொத்தம் 361 வெற்றிகள். நூறாண்டைத் தாண்டிய அந்த அணியின் வரலாற்றில் இதுதான் அதிகபட்சம்.

முழங்கால் என்ன ஆனது?

ஐஸ் ஹாக்கியின் கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதை நோக்கி வரும் ரப்பர் வட்டின் எடை சுமார் 170 கிராம்தான். ஆனால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். பார்த்துவிட்டு நகர நேரமே இருக்காது. அதனால் இன்றைய கோல்கீப்பர்கள் 'பட்டர்ஃபிளை' முறையைக் கையாள்கிறார்கள். சட்டென்று முழங்காலில் விழுந்து, இரு கால்களையும் பட்டாம்பூச்சியின் சிறகுபோல வெளிப்பக்கம் விரித்து, கோலின் அடிப்பகுதியை அடைத்துவிடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கலாம். ஆனால் ஒரு ஆட்டத்தில் மட்டும் எத்தனையோ தடவை விழுந்து எழ வேண்டும். பயிற்சியில் அதைவிடவும் அதிகம். இடுப்பும் முழங்காலும் இயல்பாகத் திரும்பாத கோணத்தில் திரும்பி, மொத்த எடையையும் தாங்க வேண்டும். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால், தசையைப்போல அது மீண்டும் வளராது.

2021-ல் மான்ட்ரியலை ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று வரை கொண்டுசென்றார் பிரைஸ். டாம்பா பே அணியிடம் தோல்வி. தொடர் முடிந்ததும் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதே ஆண்டு அக்டோபரில் வீரர்களுக்கான உதவித் திட்டத்தில் சேர்ந்தார். போதைப் பழக்கத்துக்காக சிகிச்சை பெற்றதாக, பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2022 ஏப்ரலில் திரும்பி வந்து 5 ஆட்டங்கள் ஆடினார். அத்தோடு முடிந்தது. மாடிப்படி ஏறி இறங்குவதே சிரமமாக இருக்கிறது என்றார் அவர்.

அப்போ ஏன் ஓய்வு அறிவிக்கவில்லை?

2017-ல் அவர் கையெழுத்திட்டது 8 ஆண்டு, 8.4 கோடி டாலர் ஒப்பந்தம். அதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 1.05 கோடி டாலர். 2018-19-ல் தொடங்கி 2025-26-ல் முடிகிறது. என்ஹெச்எல் ஒப்பந்தங்களில் காயத்தால் ஆட முடியாமல் போனாலும் சம்பளம் உண்டு. ஆனால் வீரரே முறைப்படி ஓய்வு அறிவித்துவிட்டால் மீதிச் சம்பளம் போய்விடும். விளையாட்டுக்காகத் தேய்ந்த காலுக்கு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பணத்தை விட்டுக்கொடுக்க யார்தான் முன்வருவார்கள்?

அணிக்கு என்ன பிரச்சினை?

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தொகை வரம்பு இருப்பதுபோல, என்ஹெச்எல்-லிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26-க்கு அது 9.55 கோடி டாலர். ஆடாத பிரைஸின் 1.05 கோடியும் இந்தக் கணக்கில் ஏறும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. நீண்டகாலக் காயப் பட்டியலில் வீரரைச் சேர்த்தால், அவருக்கான தொகை அளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம். ஆனால் இதை நம்பி வரம்புக்கு மேலே இருக்கும் அணியால், சீசன் நடுவே மிச்சம் பிடித்துப் பிடித்து ஒரு புது வீரரை வாங்க முடியாது. கை கட்டப்பட்ட மாதிரிதான்.

அதனால்தான் டிரேடு. பிரைஸுக்குச் சேர வேண்டிய 55 லட்சம் டாலர் போனஸை செப்டம்பர் 1-ம் தேதி மான்ட்ரியலே கொடுத்துவிட்டது. மிச்சம் சம்பளம் 20 லட்சம் டாலர்தான். கூடவே 2026 டிராஃப்டின் 5-வது சுற்று வாய்ப்பையும் கொடுத்து, ஒப்பந்தத்தை ஷார்க்ஸிடம் தள்ளிவிட்டது. பதிலுக்கு ஒரு இளம் டிஃபென்டரைப் பெற்றுக்கொண்டது. வரம்புக்குக் கீழே நிறைய இடம் வைத்திருந்த ஷார்க்ஸுக்கு, குறைந்த செலவில் ஒரு டிராஃப்ட் வாய்ப்பு லாபம்.

இது நியாயமா?

விதிகளை மீறி எதுவும் நடக்கவில்லை. சம்பளம் முழுதாகப் போய்ச் சேருகிறது என்பதால், வீரருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மான்ட்ரியலுக்காக மட்டுமே 712 ஆட்டங்கள் ஆடிய ஒருவரின் பெயர், ஒரு நாள்கூட ஆடாத அணியின் பட்டியலில் போய் நிற்கிறது. அதுவும் வெறும் 1.05 கோடி என்ற எண்ணாக.

லீக்கில் 32 அணிகள், அணிக்கு 2 கோல்கீப்பர்கள். உலகத்துக்கே மொத்தம் 64 இடங்கள். அதற்காக இன்றும் சிறுவர்கள் 8 வயதிலேயே பட்டர்ஃபிளை பழகுகிறார்கள். ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி உண்டு. 38 வயதில் படி ஏறத் தயங்கும் முழங்காலுக்கு அப்படி எதுவும் இல்லை.