வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையில் ரத்தப் பரிசோதனைக்கென்று ஒரு பக்கம் இருக்கும். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை என்று இறங்கிவரும் வரிசையில் 'விடிஆர்எல்' என்று ஒரு கட்டம். என் இரண்டு பிரசவத்திலும் அதில் 'என்ஆர்' என்று எழுதியிருந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி நூறு கேள்வி கேட்டவள், இதை மட்டும் என்ன ஏது என்று கேட்கவில்லை. எழுதிய நர்ஸும் சொல்லவில்லை.

போன வருஷம், எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தியின் அட்டையில் அதே கட்டத்தில் 'ரியாக்டிவ், 1:32' என்று வந்தது. அவளுக்கு அப்போது நான்காம் மாதம். (ஊரையும் உறவையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். அவள் எழுதச் சம்மதித்துவிட்டாள். அவள் மாமியாரிடம் நான் கேட்கவில்லை.)

விடிஆர்எல் என்பது ஓர் ஆய்வகத்தின் பெயர்ச் சுருக்கம். அமெரிக்காவில் பால்வினை நோய்களை ஆராய்ந்த கூடம் அது. 1946-ல் அங்கே உருவான சோதனைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அது தேடுவது சிபிலிஸ் எனும் மேகநோயை. 'என்ஆர்' என்றால் நான்-ரியாக்டிவ், தடயம் இல்லை. 1:32 என்றால், ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை 32 மடங்கு நீர்த்துப்போகச் செய்த பிறகும் சோதனைக்குப் பிடிபடுகிறது என்று அர்த்தம். மலேரியா, சில மூட்டு நோய்கள், சிலசமயம் கர்ப்பமேகூட இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும். ஆனால் அப்போது எண் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். அதனால் டிபிஎச்ஏ என்று இன்னொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள். அவளுக்கு அதுவும் பாசிட்டிவ்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில், இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமியார் கேட்ட முதல் கேள்வி: "எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்துட்டாளா?"

நர்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அதெல்லாம் அப்புறம்மா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே."

மாமியாரைத் திட்டி என்ன பயன்? இந்த நோயைப் பொறுத்தவரை உலகமே மாமியார்தான். 1495-ல் நேப்பிள்ஸில் படையோடு படையாக அது பரவியபோது இத்தாலிக்காரர்கள் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். ரஷ்யாவில் அது 'போலந்து நோய்'. நம்மிடம் கப்பலேறி வந்தபோது 'பறங்கி வியாதி' ஆனது. அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்ட வேர் சீனாவிலிருந்து வந்தது. அதற்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர் வைத்தோம். பறங்கியர் போய்விட்டார்கள். அப்புறம் பேச்சுவழக்கில் என்ன பெயர் வந்தது? 'பொம்பளைச் சீக்கு.' ஆண்களுக்கு வரும்போதும் அதுதான் பெயர்.

அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வந்தான். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான், ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. சுகாதார நிலையத்தின் ஆலோசகர் அவனைத் தனியாக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். நாற்பது நிமிடம். பிறகு அவனே என்னிடம் சொன்னான், "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்ற முன்னுரையோடு.

கல்யாணத்துக்கு நாலைந்து மாதம் முன்பு அவனுக்கு ஒரு புண் வந்திருக்கிறது. ஒரே ஒரு புண். வலி இல்லை, சீழ் இல்லை. மாதத்துக்கு ஒருநாள் ஒவ்வோர் ஊராக வந்து லாட்ஜில் அறையெடுத்து 'ஆண்மை, மேகம், வெட்டை' என்று போர்டு வைக்கும் வைத்தியர் ஒருவரிடம் போயிருக்கிறான். ஒரு மண்டலத்துக்குச் சூரணம், பத்தியம், சில ஆயிரம் ரூபாய். மூன்றே வாரத்தில் புண் ஆறிவிட்டது. வைத்தியர் கைராசிக்காரர் என்று இன்னும் இரண்டு பேரை வேறு அனுப்பிவைத்திருக்கிறான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சிபிலிஸின் முதல் புண் தானாகவே ஆறும். கிருமி உள்ளே போன மூன்று வாரம் வாக்கில் அது வரும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். எதுவும் செய்யாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் மறைந்துவிடும். விபூதி பூசினாலும் மறையும், வேப்பிலை அரைத்துப் பூசினாலும் மறையும். அந்தப் பெருமை யார் அப்போது பக்கத்தில் இருந்தாரோ அவருக்குப் போகும். புண்தான் போயிற்றே தவிர, தக்கைத் திருகி மாதிரி சுருண்ட அந்தக் கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்புகள் வரும். சூட்டுக்கொப்புளம் என்று இளநீர் குடிப்போம். அதுவும் மறையும். பிறகு வருஷக்கணக்கில் சத்தமே இராது. அந்த அமைதியிலும் கர்ப்பப்பையில் இருக்கும் குழந்தைக்கு அது போய்ச் சேரும். குழந்தை இறந்தே பிறக்கலாம், எலும்பும் கண்ணும் காதும் கெட்டுப் பிறக்கலாம். கர்ப்பிணியின் அட்டையில் அந்தக் கட்டம் இருப்பது இதற்காகத்தான்.

அப்படியென்றால் கண்டுபிடிக்கும் வேலையையும் நாம் பெண் தலையிலேயே கட்டியிருக்கிறோம். அவள் கர்ப்பமாவதால் அவள் ரத்தம் பார்க்கப்படுகிறது. அவன் ரத்தம் பார்க்கப்பட, அவளுக்கு முதலில் 'ரியாக்டிவ்' என்று வரவேண்டியிருக்கிறது.

இது நேற்று வந்த பழக்கமல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மேகநோய் பெருகியபோது ஆங்கில அரசு 1868-ல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. தொழில்செய்யும் பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் 'லாக் ஆஸ்பத்திரி'யில் அடைக்கலாம். சென்னை மாகாணத்தில் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் அதற்கு முன்பே இருந்தன. நோயை அந்தப் பெண்களிடம் கொண்டுவந்த சிப்பாய்க்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. 20 வருஷம் ஓடிய பிறகு 1888-ல் சட்டம் ரத்தானது. நோய் அதனால் குறைந்ததாகவும் தெரியவில்லை.

இந்த நோய்களை மதித்துப் படித்த ஊரும் சென்னைதான். 1905-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், பிறப்புறுப்பில் புண் வரவைக்கும் ஒரு நோயில் கண்ட கிருமி உருவங்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். அரை நூற்றாண்டு கழித்து, 1954-ல், அதே நோயைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலை எழுதியவர்கள் ராஜம், ரங்கையா என்ற இரண்டு சென்னை மருத்துவர்கள். நம் பாடப்புத்தகத்தில் இவர்கள் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதே ஊரில்தான் 1986-ல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் ஆசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, மயிலாப்பூரில் பெண்களை அடைத்துவைத்திருந்த விடுதியிலிருந்து ரத்த மாதிரிகள் எடுத்தார். வீட்டு ஃபிரிட்ஜில் அவற்றை வைத்திருந்தார். கணவரோடு ரயிலேறி வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். இரண்டு பெண்களின் துணிச்சலில் நாடு விழித்துக்கொண்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாதிரிக்குக் கிடைத்தவர்கள் யார் என்று பாருங்கள். போலீஸ் பிடித்து அடைத்த பெண்கள். அவர்களிடம் போன ஆண்களை அடைத்துவைக்க எந்த விடுதியும் இருக்கவில்லை. ஆணைப் பார்த்துக் கேட்ட விளம்பரம் என்று எனக்கு ஞாபகம் இருப்பது, 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் இருந்த 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' மட்டும்தான். அதையும் கேலிப்பேச்சாக்கிவிட்டோம்.

சிபிலிஸுக்காவது ரத்தத்தில் தடயம் இருக்கிறது, வெட்டை நோயான கொனோரியாவும் கிளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் மூச்சுக்காட்டுவதே இல்லை. ஆணுக்குச் சிறுநீர் போகும்போது எரியும், சீழ் வடியும். அவன் ஓடிப்போய் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு மாத்திரை விழுங்குவான். அளவு போதாமல் எரிச்சல் மட்டும் நிற்கும். கொனோரியா கிருமி ஒவ்வோர் ஆன்டிபயாட்டிக்காகத் தோற்கடித்துக்கொண்டே வருவதற்கு இந்த அரைகுறை வைத்தியமும் ஒரு காரணம். அவன் மனைவிக்கோ ஒன்றும் தெரியாது. கருக்குழாய் அடைத்துக்கொண்ட பிறகு, குழந்தையில்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றும்போது, 'குறை யாரிடம்' என்ற கேள்வி மறுபடி அவளிடமே வரும்.

அரசு மருத்துவமனைகளில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு வைத்தார்கள். ஆய்வகம் இல்லாத இடத்திலும் அறிகுறியை வைத்தே மருந்து தர, வண்ணவண்ண கிட்டுகள். சீழ் வடிந்தால் சாம்பல் நிறம். புண் என்றால் வெள்ளை, அதில் பெனிசிலின். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு நீலம். கொப்புள அக்கிக்குச் சிவப்பு. எனக்குப் பிடித்த விஷயம், துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தரவேண்டும் என்ற விதி. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அது பந்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்துகொண்டே இருக்கும். ஆனால் அறிகுறியே இல்லாதவளுக்கு எந்த நிறக் கிட்டும் கிடைக்காது. அவளை ஆஸ்பத்திரி வரை கொண்டுவர, அவன் வாயைத் திறக்கவேண்டும்.

ஆணுறை பற்றி ஒரு வார்த்தை. 1968 முதல் அரசே நிரோத் என்று விற்கிறது, இன்னும் கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் சுற்றித்தான் தருகிறார். (இந்தப் பத்தி அச்சான தாளிலேயே சுற்றித் தந்தால் எனக்கு மகிழ்ச்சி.) எச்ஐவி, கொனோரியாவுக்கு அது நல்ல காவல். உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் சிபிலிஸும் அக்கியும் தாண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி கிருமிக்குத் தடுப்பூசியே நல்லது, அதையும் வயதுக்கு வரும் பருவத்திலேயே போட்டுவிடவேண்டும். எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்று பயமிருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போகவேண்டும். 28 நாள் மாத்திரையில் தடுக்க வழியிருக்கிறது. மறுநாளே ரத்தம் கொடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியடைவதில் பொருளில்லை, சில வாரம் கழித்துத்தான் சோதனைக்குப் பிடிபடும். நம்பிக்கை மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். பேசவேண்டுமென்றால் 1097.

தங்கைக்கும் அவள் கணவனுக்கும் ஊசி போட்டார்கள். பென்சாதீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், கெட்டியான பால் மாதிரி இருக்கும். ஒரே பக்கம் தாங்காது என்று இடுப்புக்கு இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக. எப்போது தொற்றியது என்று நிச்சயமாகத் தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். 1943-ல் இந்த நோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய மருந்து பெனிசிலின். அந்தக் கிருமி இன்றுவரை அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் ஊசிக்குப் பிறகு அவள் எழுந்து நடந்துவிட்டாள். அவன் பைக்கில் உட்கார முடியாமல் ஷேர் ஆட்டோவில் ஒருக்களித்து வந்தான்.

குழந்தை பிறந்தது, பெண். சோதித்துப் பார்த்தார்கள், பயமில்லை என்றார்கள். ஆறாம் மாதம் தாய்க்கு மறுபடி விடிஆர்எல். 32 என்ற எண் எட்டாகவோ அதற்குக் கீழோ இறங்கியிருக்கவேண்டும். டிபிஎச்ஏ மட்டும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே நிற்கும்; நாளைக்கு யாராவது பார்த்துவிட்டுப் பயமுறுத்தினால் பயப்படாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சீட்டு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். மாமியார் பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, இந்த ஒரு வருஷத்தில் எண்களின் கணக்கு மட்டும் தெரிந்துவிட்டிருந்தது.

"எவ்வளவு வந்திருக்கு?"

"நாலு, அத்தை."

"சரி. இவனுக்கு?"

மாப்பிள்ளை டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அவன் மறு சோதனைக்குப் போகவே இல்லை.

மாமியார் எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிளக்கைப் பிடுங்கினார். "சட்டையை மாட்டுடா" என்றார்.