சுருட்டிய மாதத்தைச் சொல்லுங்கள்

மயாமி நகரின் லிட்டில் ஹவானா பகுதியிலும், நிகராகுவாவின் எஸ்தெலியிலும் நாலைந்து பேர் மட்டும் உட்கார்ந்து கையால் சுருட்டு சுற்றும் சிறு பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. கியூபாக்காரர்கள் இத்தகைய பட்டறையைச் ‘சிஞ்சால்’ என்பார்கள். சமயங்களில் காலையில் சுருட்டியது மாலையிலேயே கைமாறிவிடுகிறது. வாங்கியவர் அன்றே பற்றவைக்கிறார். தொண்டை கமறுகிறது, ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணைகிறது, நாவில் கசப்பு தங்குகிறது. அந்தப் பட்டறைச் சரக்கே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். பெரிய நிறுவனத்தின் பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்துப் பற்றவைத்தால் புகை இதமாக வருகிறது. தொழில் தெரிந்தவை பெரிய நிறுவனங்கள்தான் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. இந்த ஒப்பீடே தவறு என்பது என் வாதம். அங்கே ஒப்பிடப்பட்டது இரண்டு சுருட்டுகளின் வயது. சுருட்டியவரின் கையைப் பற்றி அந்தச் சோதனை ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை. வயதைச் சொல்லாமல் விற்பதால் சிறு பட்டறையும் கெடுகிறது, வாங்குகிறவரும் ஏமாறுகிறார். சுருட்டிய மாதமும் ஆண்டும் ஒவ்வொரு கட்டிலும் எழுதப்பட வேண்டும்.

புகையிலையில் காலம் இரண்டு முறை வேலை செய்கிறது: சுருட்டுவதற்கு முன் இலையில் ஒரு முறை, சுருட்டிய பின் முழுச் சுருட்டில் ஒரு முறை. கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ பகுதியில் பறிக்கும் இலை, கொட்டகைக்குள் கம்புகளில் தொங்கி ஏறத்தாழ 50 நாள் உலர்கிறது. பச்சை வெளுத்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. அதற்குப் பின் இலையை ஈரப்படுத்தி அம்பாரமாக அடுக்குகிறார்கள். அம்பாரத்துக்குள் தானாகவே சூடு ஏறும். சூடு மீறுவதற்குள் பிரித்து, ஆற்றி, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்க வேண்டும். அந்தப் புழுக்கத்தில்தான் அம்மோனியா கழிகிறது, கடுப்பு அடங்குகிறது. எல்லா இலைக்கும் ஒரே அளவு காலம் போதாது. செடியின் அடியில் விளையும் ‘வொலாதோ’ எளிதில் எரியும், சுவை குறைவு. அதற்குக் கொஞ்ச காலம் போதும். நடுவில் விளையும் ‘செக்கோ’ மணத்துக்கானது. உச்சியில் வெயிலை முழுக்க வாங்கித் தடித்த ‘லிஹேரோ’ இலைக்குத்தான் காரம் அதிகம். அதற்குக் குறைந்தது 2 ஆண்டு ஓய்வு வேண்டும் என்பது கியூபா வழக்கம். 1966-இல் தோன்றிய கொயீபா சுருட்டுக்காக செக்கோ, லிஹேரோ இலைகளை மூன்றாவது முறையாகப் பீப்பாய்களில் அடைத்துப் புழுங்கவைக்கிறார்கள்.

இரண்டாவது காலம்தான் பலருக்கும் தெரியாதது. நன்றாக உலர்ந்த இலை மடங்காது, நொறுங்கும். ஆகவே சுருட்டுவதற்கு முன் அதை ஈரமாக்கியே தீர வேண்டும். மேலே சுற்றும் மெல்லிய இலைக்கு ஓர் அளவு ஈரம், உள்ளே வைக்கும் இலைக்கு வேறு அளவு. சுருட்டி முடித்த நிமிடத்தில் அந்தச் சுருட்டுக்குள் ஈரம் சமமாக இல்லை. அது ஒழுங்காக எரியாததற்கும், இழுக்கும்போது வாயில் கடுத்த ஆவி நிறைவதற்கும் இது ஒன்றே போதுமான காரணம். மேலும் ஈரம் பட்ட இலை மெல்லியதாய் மறுபடி புழுங்கத் தொடங்குகிறது. போனதாக நினைத்த அம்மோனியா வாடை திரும்ப எட்டிப்பார்க்கிறது. இதனால்தான் ஹவானாவின் ஆலைகளில் சுருட்டியதை நேராகப் பெட்டியில் அடைப்பதில்லை. 16 முதல் 18 பாகை வெப்பமும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், மர அலமாரிகளில் வைத்து ஆறவிடுகிறார்கள். அலமாரிக்கும் பெட்டிக்கும் அவர்கள் விரும்பும் செட்ரெலா மரம் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் மணத்தைக் கொஞ்சம் கொடுக்கும், ஈரத்தை வாங்கியும் திருப்பித் தந்தும் நிதானப்படுத்தும். அனுபவம் உள்ளவர்கள் புதுச் சுருட்டைக் கையில் வந்த சில நாளுக்குள் பிடித்துவிடு, இல்லையேல் ஓராண்டு தொடாதே என்பார்கள். இடைப்பட்ட மாதங்களில்தான் அது மிக மோசமாக நடந்துகொள்ளும். விமர்சனங்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் எழுதப்படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

அப்படியானால் புதுச் சுருட்டைச் சுவை பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், எதைப் பார்க்கிறோம் என்ற தெளிவோடு பார்க்க வேண்டும். சில குறைகள் காலத்தால் தீராதவை. உள்ளிலையை முறுக்கித் திணித்திருந்தால் இழுப்பு அடைத்துக்கொள்ளும். பத்தாண்டு வைத்தாலும் அடைப்பு திறக்காது. இலையைத் தளர்வாக வைத்திருந்தால் சூடாக எரிந்து சீக்கிரம் தீரும். மெல்ல எரியும் லிஹேரோவைச் சரியாக நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்திருந்தால் ஒரு பக்கமாக ஓடி எரியும். மேலிலையின் நரம்பு, தலைப்பகுதியின் முடிச்சு, அங்கே தடவிய பசையின் அளவு ஆகியவை கையின் வேலை. அவற்றை அன்றே எடைபோடலாம். கடுப்பு, கசப்பு, பச்சை வாடை ஆகியவை வயதின் வேலை. அவற்றை அன்று எடைபோட இயலாது. நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் இழுக்காமல், முதல் பகுதி, நடு, கடைசி எனக் குறித்துவைத்து, அதே கட்டிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒன்றும் ஓராண்டு கழித்து ஒன்றும் பார்த்தால்தான் அந்தப் பட்டறையின் இலைக்கலவை எப்படிப்பட்டது என்று சொல்ல முடியும். இதைச் செய்ய வாங்குகிறவருக்கு ஒரே ஒரு தகவல்தான் தேவைப்படுகிறது. அதைத்தான் பெரும்பாலோர் தருவதில்லை.

ஏன் தருவதில்லை என்பதில் பணம் இருக்கிறது. இலையை இரண்டு, மூன்று ஆண்டு வைத்திருப்பது என்றால் அத்தனை காலம் முதல் முடங்கிக் கிடக்கிறது. சுருட்டியதையும் ஓராண்டு வைத்திருந்தால் கூலியும் சேர்ந்து முடங்கும். பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு வரி. சிறு பட்டறைக்கு அடுத்த வாரக் கூலி. ஆகவே இன்று சுருட்டி இன்றே விற்பதை ஒரு சிறப்பாகவே பேச வேண்டிய நிலை அவர்களுக்கு. இதன் விளைவை 1990-களில் அமெரிக்கா கண்டது. 1992-இல் சிகார் அஃபிசியோனாடோ என்ற இதழ் தொடங்கிச் சுருட்டுகளுக்கு மதிப்பெண் போட்டது. மயாமியின் எட்டாவது தெருவில் இருந்த எல் கிரெடிட்டோ என்ற சிறு பட்டறையின் லா குளோரியா குபானா உயர்ந்த மதிப்பெண் பெற்று, அந்தப் பட்டறையால் தாங்க முடியாத அளவுக்குக் கிராக்கி உண்டானது. சில ஆண்டுகளுக்குள் சந்தையே பல மடங்கு வீங்கியது. பழைய இலை கையிருப்பு இல்லாதவர்களெல்லாம் புதிய பெயர்களில் இறங்கினார்கள். பதம் வராத இலையைச் சுருட்டி, ஆறவைக்காமல் விற்றார்கள். 1997-க்குப் பின் வீக்கம் வடிந்தபோது விற்காத சரக்கு அடிமாட்டு விலைக்குப் போனது. புதிய பெயர்களில் பெரும்பாலானவை மறைந்தன. அந்தச் சரக்கில் மாதமும் ஆண்டும் இருந்திருந்தால் வாங்குகிறவர் இரண்டாம் பெட்டியிலேயே விழித்திருப்பார், நேர்மையாகக் காத்திருந்த பட்டறைகளுக்கும் தங்கள் விலைக்கான காரணத்தைக் காட்ட ஓர் ஆதாரம் கிடைத்திருக்கும். பச்சைச் சரக்கும் பதமான சரக்கும் ஒரே தோற்றத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் சந்தையில், காத்திருந்தவனுக்குத்தான் நட்டம்.

தேதி எழுதுவது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கியூபாவின் பெட்டிகளின் அடிப்புறத்தில் ஆலையின் குறியீடும், அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கின்றன. சேகரிப்பவர்கள் முதலில் பெட்டியைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். இலையை 3 ஆண்டு வைத்துச் செய்ததை ‘ரெசர்வா’ என்றும், 5 ஆண்டு வைத்ததை ‘கிரான் ரெசர்வா’ என்றும் கியூபாவின் ஹபானோஸ் நிறுவனம் தனி விலைக்கு விற்கிறது. சுருட்டிய பின் பல ஆண்டு கியூபாவிலேயே வைத்திருந்ததை ‘அன்யெஹாதோஸ்’ என்ற பெயரில் அதேபோல் தனி விலைக்கு விற்கிறது. காலத்துக்கு விலை உண்டு, வாங்குகிறவர் அதைக் கொடுக்கத் தயாராகவும் இருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நம் அரிசிக் கடைகளில் புது அரிசிக்கு ஒரு விலை, பழைய அரிசிக்கு ஒரு விலை என்று வெளிப்படையாக நடக்கிறது. புது அரிசி குழைந்தது என்று எந்த வீட்டிலும் விவசாயியைத் திட்டுவதில்லை. வயது தெரிந்த பொருளைப் பற்றி மக்கள் நியாயமாகவே பேசுகிறார்கள்.

புதுச் சுருட்டைத்தான் விரும்புகிறவர்களும் உண்டே என்று பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். உண்டு. ஹவானாவில் சுருட்டுபவரின் மேசையிலிருந்தே எடுத்துப் பற்றவைப்பதை ஒரு தனிச் சுவையாகக் கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தேதி உதவும். மேசையிலிருந்து வந்ததா, ஐந்து மாதம் கடையில் கிடந்ததா என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். வைத்திருந்த விதம் சரியில்லை என்றால் தேதியால் என்ன பயன் என்பது இன்னும் வலுவான கேள்வி. சூடு ஏறினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து சுருட்டைத் துளைத்துவிடும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தால் மணம் பறந்துவிடும். சென்னை போன்ற ஊரில் திறந்த அலமாரியில் ஓராண்டு வைத்தது பதமாகாது, பாழாகும். ஒப்புக்கொள்கிறேன். தேதி மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் தேதி இருந்தால்தான் கடைக்காரர் எப்படி வைத்திருந்தார் என்ற கேள்வியைக் கேட்கவே முடியும். பழசு எல்லாம் உயர்வு என்ற மயக்கத்தையும் தேதியே உடைக்கும். மென்மையான இலைக்கலவைகள் சில ஆண்டுகளில் மணமிழந்து வெறும் சூடான காற்றாகிவிடுகின்றன. காரமான இலைக்குத்தான் நீண்ட காலம் நன்மை செய்கிறது. எந்தக் கலவை எந்த வயதில் சிறக்கிறது என்பதை நாலு பேர் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால், வயதைக் காட்டி விலை ஏற்றுகிறவர்களின் பிடி தளரும்.

உயிரைக் குடிக்கும் பொருளுக்குச் சுவை ஆராய்ச்சி எதற்கு என்ற மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு இணையான புகையிலை இருக்கக்கூடும். அதன் புகை காரத்தன்மை உள்ளதால், உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவே ஏறிவிடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்களோடு சுருட்டுக்குள்ள தொடர்பை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட தொகுப்பு விரிவாகக் காட்டியது. சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-இல் வாயில் புற்று கண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குப் பின்னும் அவர் சுருட்டை விடவில்லை. சுவையைத் தரும் அதே புழுக்கம்தான் புற்றை உண்டாக்கும் நைட்ரோசமின்களையும் பெருக்குகிறது. ஆகவே ஆறிய சுருட்டின் இதமான புகை குறைந்த தீங்குள்ளது என்று எண்ணினால் அது கொடிய தவறு. கமறல் அடங்கியிருக்கிறது, நஞ்சு அப்படியே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டே பிடிக்கிறவர்கள் இருக்கும்வரை, அவர்களிடம் எந்த உண்மையையும் மறைக்கக் கூடாது. பெட்டியில் நோயின் படமும் இருக்கட்டும், பிறந்த மாதமும் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றின் வலிமையைக் குறைக்காது.

இந்தப் பேச்சு நமக்குத் தொலைவானதும் இல்லை. திண்டுக்கல் வட்டாரத்து இலையும் உறையூர்க் கைகளும் சேர்ந்து உண்டாக்கிய திருச்சிச் சுருட்டின் பெயர், 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்புக்கு உதவும் சாம்பலாக வருகிறது. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டு ஆலையே வைத்திருந்தது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுருட்டிய வழக்கம் இருந்தது. ஹவானாவின் ஆலைகளில் 1865 முதல் வாசிப்பவர்கள் இருந்ததைப் போலவே இங்கும் கைகள் வேலை செய்யக் காதுகள் உலகத்தைக் கேட்டன. அந்தக் கைகளின் மதிப்பு இன்று எஞ்சியிருக்கும் சிலரிடம் மட்டும் தங்கியிருக்கிறது. இந்தியாவில் புகையிலைப் பொருளின் உறையில் தயாரித்த தேதி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2016 முதல் எச்சரிக்கைப் படமும் வாசகமும் சேர்ந்து உறையின் முதன்மைப் பக்கத்தில் 85 விழுக்காட்டை நிறைக்க வேண்டும் என்பதும் விதி. கட்டைப் பிரித்து உதிரியாக ஒன்றிரண்டு விற்கும்போது தேதியும் போய்விடுகிறது, எச்சரிக்கையும் போய்விடுகிறது. ஒவ்வொரு சுருட்டின் கழுத்திலும் ஒட்டும் தாள்வளையத்தில் மாதத்தையும் ஆண்டையும் அச்சிடச் சில பைசாக்களுக்கு மேல் செலவில்லை. மயாமியானாலும் உறையூரானாலும் பட்டறைக்காரர்கள் அதைத் தாங்களாகவே செய்ய வேண்டும். வாங்கியே தீருவோம் என்பவர்கள் சுருட்டிய மாதத்தைக் கேளுங்கள். சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.