இரண்டு மொனோவா, ஒரு ஸ்டீரியோவா?

எஹலியகொடவில் ஆசிரியராகப் பணிபுரியும் என் மருமகன் முறையானவர், சென்ற மாதம் அழைத்து ஆலோசனை கேட்டார். ஆலோசனை என்பது மரியாதைக்குச் சொன்ன சொல். முடிவை அவர் முன்னரே எடுத்திருந்தார். "மாமா, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு மொனோ அம்பிளிபயர் வாங்கப் போகிறேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு தடமும் இருந்தால் ஒலி கலங்கிவிடுமாம்." கொழும்பில் ஏதோவொரு கடைக்காரர் ஓதிய மந்திரம். பணம், வங்கிக் கடன்.

கலங்குமா? மின்வழங்கல் பொதுவாக இருப்பதால் ஒரு தடத்தின் சாயல் மற்றதில் சற்றுக் கசியும் என்பது உண்மையே. ஆனால் எவ்வளவு? ஒழுங்காகச் செய்த ஸ்டீரியோ அம்பிளிபயரில் அக்கசிவு 60 டெசிபெலுக்கும் கீழே கிடக்கும். இசைத்தட்டைப் படிக்கும் ஊசியோ இரு தடங்களையும் ஏறத்தாழ 25, 30 டெசிபெல் அளவுக்கே பிரித்துத் தருகிறது. ஊற்றிலே கலந்த நீரை வாய்க்காலிலே பிரிக்கப் புறப்படுவது என்ன அறிவு?

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. நம்மவர் கேட்பதெல்லாம் விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாடல்கள். இலங்கை வானொலியின் மத்திய அலையில் அவருடைய தந்தையார் கேட்டு மகிழ்ந்தவை. அத்தனையும் மொனோ ஒலிப்பதிவு. தமிழ்த் திரையில் ஸ்டீரியோவுக்கு முன்னோடி எனப்படும் 'பிரியா' வெளிவந்ததே 1978இல்தான். இரு பக்கமும் ஒரே ஒலி ஓடும்போது, எது எதனுள் கசிந்து எதைக் கெடுக்கப் போகிறது?

வலு இரட்டிப்பாகும் என்கிறார்கள். ஆகட்டும். 50 வாட் 100 வாட் ஆனால் கிடைப்பது 3 டெசிபெல். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது 10 மடங்கு வலு வேண்டும். பெரிய மண்டபத்தில், அதிக மின்னோட்டம் கேட்கும் ஸ்பீக்கர்களைத் தூரத் தூர வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அம்பிளிபயரை இருத்திக் கம்பியைக் குறுக்குபவருக்கு மொனோ பயன்படும், மறுக்கவில்லை. மருமகனின் முன்னறை 12 அடிக்கு 10 அடி. மேலே தகரக் கூரை. சப்ரகமுவ மழை அதில் இறங்கும்போது டெசிபெல் கணக்கெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ!

மின்கட்டணத்தையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தினார்கள். பின்னர் குறைத்தார்கள் என்பது வேறு கதை. மெழுகுதிரியில் பரீட்சைத் தாள் திருத்திய மனிதர் இதை மறக்கலாகுமா? ஏப்ரல் மாத இடிக்கு ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றும் ஊரில், கழற்றுவதற்கு இன்னுமொரு பிளக் வேறு.

ஒரு நல்ல ஸ்டீரியோ அம்பிளிபயர் போதும். மிச்சப்படும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், கேட்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்றேன். "யோசிக்கிறேன் மாமா" என்றார். வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போவதாகக் கேள்வி.