நூறாண்டுக் கணிப்பும் 50 கோடிப் பேரும்

2100இல் எந்த நாடு உலகை ஆளும், செயற்கை நுண்ணறிவு எத்தனை பேரின் வேலையைப் பறிக்கும் என்று ஆண்டு குறித்துச் சொல்லும் கணிப்புகள் பெருகிவருகின்றன. கொள்கை வகுப்போரின் மேசைக்கும் அவை போய்ச் சேர்கின்றன. இத்தகைய கணிப்பு எவ்வளவு கொடியதாக முடியக்கூடும் என்பதை இந்தியா மறக்கக் கூடாது.

1967இல் வில்லியம் பேடக், பால் பேடக் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 1975க்குள் பெரும்பஞ்சம் வரும் என்று ஒரு நூல் எழுதினார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களை மருத்துவர்கள் தரம் பிரிப்பதுபோல் நாடுகளைப் பிரித்து, இந்தியாவைக் காப்பாற்ற முடியாத நாடுகளின் வரிசையில் வைத்தார்கள். அங்கே தானியம் அனுப்புவது வீண் என்பது அதன் பொருள். மறு ஆண்டு வெளிவந்த நூலில் பால் எர்லிக் என்ற உயிரியல் அறிஞர் அந்த வழியையே ஆதரித்தார். இவர்கள் அறிவிலிகள் அல்லர். 1965, 66 இரண்டு ஆண்டும் பருவமழை பொய்த்திருந்தது. கப்பலில் வந்திறங்கிய கோதுமை நேராக ரேஷன் கடைக்குப் போன காலம் அது.

மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையைத் தருவித்தார். எம். எஸ். சுவாமிநாதனும் சக விஞ்ஞானிகளும் அதை நம் மண்ணுக்குப் பழக்கினார்கள். 1964-65இல் 1.23 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1.65 கோடி டன்னைத் தொட்டது.

அந்த வெற்றி கைகூடிக்கொண்டிருந்தபோதே, 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளம் பேணாமல், பூச்சிமருந்தை அளவின்றித் தெளித்து, நிலத்தடி நீரை வரைமுறையின்றி உறிஞ்சினால் பேரழிவில் முடியும் என்றார். அதுவும் கணிப்புதான், யாரும் காது கொடுக்கவில்லை. இன்று பஞ்சாப், ஓராண்டில் எடுக்கத்தக்க நிலத்தடி நீரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இறைக்கிறது.

‘இப்படிச் செய்தால் இது நேரும்’ என்று சொல்லும் கணிப்பு, திருத்திக்கொள்ள வழிவிடுகிறது. எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டால் எவ்வளவு வெப்பம் கூடும் என்று பிரித்துச் சொல்லும் ஐ.நா. காலநிலை அறிக்கைகள் அந்த வகை. ‘இது நடந்தே தீரும்’ என்பது தீர்ப்பு. அதிலும் உலக அரசியலில் தீர்ப்பு சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. 284 வல்லுநர்களின் கணிப்புகளைச் சுமார் இருபதாண்டு சோதித்த உளவியலாளர் பிலிப் டெட்லாக், பெரும்பாலோர் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிகம் தேறவில்லை என்று 2005இல் காட்டினார்.

ஆகவே, நிபந்தனை சொல்லாத நீண்டகாலக் கணிப்பு எதையும் அரசு தன் திட்டங்களுக்கு அடிப்படையாக்கக் கூடாது. செயற்கை நுண்ணறிவால் இத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்று ஓர் அறிக்கை வந்தால், எந்தச் சட்டம் இருந்தால் இழப்பார்கள், எந்தப் பயிற்சி கிடைத்தால் தப்புவார்கள் என்றும் அதில் இருந்தாக வேண்டும். ஒரு நாட்டையோ ஒரு தொழிலையோ இனித் தேறாது என்று ஒதுக்கும் கணிப்பை, அது எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும், ஏற்கக் கூடாது. காப்பாற்ற முடியாதவர்கள் என்று 1967இல் எழுதப்பட்டவர்கள் ஏறத்தாழ 50 கோடிப் பேர்.